சும்மா இருக்கும் பெட்டி

மோட்டார் ஓடும்போதெல்லாம்
பழைய லேப்டாப்புக்கு மூச்சு வாங்கும்.
மாடிக்கு ஏறுவது தண்ணீர்,
உனக்கு ஏன் மேல்மூச்சு கீழ்மூச்சு
என்று ஒருநாள் அதையே கேட்டேன்.
சமையலறைச் சுவரில் ஒரு தொடுதிரை,
படுக்கையறைக் கதவருகே இன்னொன்று.
இரண்டையும் பரணில் இருந்து மேய்ப்பது
அந்தக் கிழம்தான்.

ஸெலினுக்கு இரவுப் பணி.
தீவிர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு கட்டில்,
கட்டிலுக்கு நான்கு கருவி,
கருவிக்கு ஒரு கூப்பாடு.
காலை எட்டரைக்கு வந்து
செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றுவாள்.
கண்ணயரும் நேரம் பார்த்து
பரணில் ஃபேன் உறுமும்.
"அதுவா, நானா?" என்றாள் ஒரு வியாழக்கிழமை.
சண்டைக் குரலில் அல்ல,
மருந்தளவு கேட்கும் குரலில்.

எஸ்.பி. ரோட்டுக்கு அமைதி வாங்கப் போனேன்.
சட்டைப்பையில் ஐயாயிரம், மாதக் கடைசி.
முதல் கடையில் புதுசு ஒன்று.
ஃபேனே இல்லை, அது பேசவில்லை.
விலையைக் கேட்டு நானும் பேசவில்லை.
அடுத்த கடையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை.
மலிவுதான்.
கூடு தனி, சார்ஜர் தனி, மெமரி கார்டு தனி,
கூட்டிப் பார்த்தால் கல்யாணச் சீர்.

சந்துக்குள், கேவல்சந்தின் கடையில்
சித்தராஜு என்ற பையன்
கறுப்புப் பெட்டி ஒன்றைத் துடைத்து வைத்தான்.
ஏதோ வங்கிக் கிளையில் ஓய்வு பெற்றது,
முதுகில் சொத்து எண் பாதி கிழிந்திருந்தது.
"சும்னெ இருத்தெ சார்."
வாயே திறக்காது என்று அவன் கன்னடம் சொன்னது.
என் தமிழ்க் காது வேறு மாதிரி.
"சும்மாவா?" என்றேன்.
"மூவாயிரத்து நானூறு" என்றான்.

காதை வைத்துப் பார்த்தேன்.
தெருவில் ஆட்டோ, பக்கத்தில் டிரில்,
எதிர்க்கடையில் ஸ்பீக்கர் சோதனை.
இங்கே இடி விழுந்தாலும் கேட்காதே தம்பி.
யோசித்தான். ஒயரை இழுத்துக்கொண்டு
பின்பக்கக் கழிவறைக்குள் போனான்.
நானும் போனேன்.
கதவைச் சாத்தி பல்பை அணைத்தான்.
முன்பின் அறியாத இரண்டு ஆண்கள்
இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஒரு கம்ப்யூட்டரைக் கேட்டோம்.
குழாய் சொட்டியது.
அவன் வயிறு ஒருமுறை கத்தியது.
பெட்டியிடம் இருந்து ஒன்றும் இல்லை.
தொட்டால் மட்டும்
யாரோ எழுந்துபோன நாற்காலியின் சூடு.

ஞாயிறு முழுக்க அதற்கு வீட்டைச் சொல்லிக்கொடுத்தேன்.
இது கீசர். இது மாடிப்படி விளக்கு.
இது சம்ப், காவிரி ஒன்றுவிட்டு ஒருநாள் வரும்,
அதுவும் திருடன் மாதிரி மூன்று மணிக்கு.
எழும்போது இன்னும் ஒரு நொடி
வங்கியின் நீல வணக்கம் சொல்கிறது.
அழிக்கத் தெரியும். விட்டுவைத்தேன்.

திங்கள் காலை ஸெலின் படுத்தாள்.
மோட்டார் ஓடியது, பரண் வாயடைத்திருந்தது.
அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தன:
ஃபிரிட்ஜின் முனகல்,
மேல்வீட்டுக்காரர் தொண்டையைச் செருமுவது,
லிங்கராஜபுரம் பாலத்துக்கடியில் சரக்கு ரயில்.
அதற்கும் அடியில், இத்தனை வருடம்
ஃபேனுக்குப் பின்னால் இருந்தது:
தூக்கத்தில் அவள் எண்ணுகிறாள்.
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு...
நாற்பதில் நிறுத்தி
மறுபடி ஒன்றில் இருந்து.

மதியம் எழுந்ததும் நாற்காலி போட்டு ஏறி
பெட்டியின் மேல் கையை வைத்தாள்.
"ஓடுதா இது?"
"ஓடுது."
"சத்தம் போடாத கேஸைத்தான்
அடிக்கடி போய்ப் பார்க்கணும்" என்று இறங்கினாள்.

எண்ணியதைப் பற்றி நான் சொல்லவில்லை.
திரையின் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதென்று
கைப்பிடித் துணியை அதன்மேல் தொங்கவிட்டிருந்தாள்.
ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன்.
டேங்க் எழுபது சதவீதம்.
எழுபத்தொன்று.